வீல் சிலிண்டர் மாற்றிய பிறகு பெடல் இறங்குகிறது: வீட்டிலேயே பிரேக்கில் ஏர் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியில் நான் புரிந்துகொண்டது இது. 2014 ஸ்விஃப்ட், ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மாடல். பின்பக்க இடது வீலில் பிரேக் ஆயில் கசிந்ததால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அந்த வீல் சிலிண்டரையும் (ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் பாகம்), இரண்டு பின் வீலுக்கும் பிரேக் ஷூவையும் (வீலோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கம் உரசி நிறுத்தும் பாகம்) மாற்றினீர்கள். சிலிண்டர் மாற்றிய வீலில் மட்டும் ஏர் எடுத்து, அதாவது பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்கள். இப்போது பெடல் பஞ்சு மாதிரி பாதிக்கு மேல் இறங்குகிறது, அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறது. அப்பாவைப் பெடல் மிதிக்கச் சொல்லி வீட்டு போர்டிகோவிலேயே நீங்களே ஏர் எடுக்கலாமா, எந்த வீலில் தொடங்க வேண்டும், வெளியே வரும் ஆயிலைத் திரும்ப ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஏர் எடுப்பது எப்படி என்பதைவிட, எடுத்து முடித்த பிரேக்கை நம்பலாமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு கோவையில் ஒர்க்‌ஷாப் வேலையிலேயே இருப்பவன். உங்கள் வண்டி மாதிரி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள ஏபிஎஸ் இல்லாத காரில் வீட்டிலேயே ஏர் எடுக்கலாம், தாராளமாக. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை தேவை. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது, ஒரு சொட்டுகூட. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், உங்கள் பெடல் இறங்குவதற்குக் காரணம் ஏர்தானா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம் ஏர் மேல் இல்லை, புதிதாகப் போட்ட ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் மேல்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆயில் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். பைப்பில் காற்றுக் குமிழ் இருந்தால் நீங்கள் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கு அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் ஸ்பிரிங் வைத்ததுபோல் கொடுத்துக்கொண்டே இறங்கும். டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தாலும் பெடல் இறங்கத்தான் செய்யும், ஆனால் அந்த இறக்கம் வேறு மாதிரி. ஷூ டிரம்மைத் தொடும் வரை கால் காலியாகப் போகும், தொட்டதும் கெட்டியாக நிற்கும். இரண்டு முறை பம்ப் பண்ணினால் இரண்டிலுமே பெடல் மேலே வரும். அதனால் "பம்ப் பண்ணினால் மேலே வருகிறது, அப்படியானால் ஏர்தான்" என்று முடிவுகட்ட முடியாது. மேலே வந்த பெடலை அப்படியே அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மேலே வந்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஏர் பக்கம் சந்தேகம் வலுக்கும். கல் மாதிரி நின்றால் ஷூ இடைவெளி பக்கம்.

இதைவிடத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுவதுமாக இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் பின் ஷூக்களை டிரம்மோடு சேர்த்துப் பிடித்துவிடுவதால் அந்த இடைவெளி கணக்கிலிருந்து போய்விடுகிறது. இப்போது பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் குற்றவாளி டிரம் அட்ஜஸ்ட்மென்ட். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் அது சரியாகாது. ஹேண்ட்பிரேக் போட்டும் பழையபடியே பஞ்சாக இறங்கினால் ஏர் இருக்கிறது. கொஞ்சம் மேலே வந்து, ஆனாலும் கொடுத்தால் இரண்டும் இருக்கிறது. உங்கள் மாதிரி சிலிண்டரும் ஷூவும் ஒரே நேரத்தில் மாற்றிய வண்டிகளில் அந்த மூன்றாவது நிலையும் சகஜம்தான்.

ஏர் இருப்பதை நேரில் பார்க்கவும் ஒரு வழி உண்டு. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, மேலே லேசாக வைத்துவிடுங்கள். அப்பா பெடலைப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாகப் பம்ப் பண்ணி, அழுத்திப் பிடித்து, சட்டென்று காலை எடுக்கட்டும். உள்ளே நசுங்கிக் கிடந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளும், டப்பாவுக்குள் ஊற்று கிளம்பும். லேசாக ஒரு சுழிப்பு மட்டும் தெரிந்தால் அது இயல்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்று பாருங்கள், பக்கத்து பெயின்ட் மேல் துணி போட்டு மூடிவிடுங்கள். இந்தச் சோதனையில் ஊற்று கிளம்பினால் ஏர் உண்டு என்று நம்பலாம். கிளம்பாவிட்டால் ஏர் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, சிறிய குமிழ் தப்பிவிடும்.

மூன்றாவதாக, பெடலை மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அது ஏர் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட்டும் இல்லை. எங்கோ கசிகிறது, இல்லையென்றால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஆயிலைப் பின்னால் விடுகிறது. புதிய சிலிண்டரில் பைப் நட் கோணலாக ஏறியிருக்கிறதா என்று அந்த இடது வீலின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏர் எடுப்பதெல்லாம் பிறகு, முதலில் கசிவு.

டிரம் அட்ஜஸ்ட்மென்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்களில் பெரும்பாலும் தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்புதான். டிரம்மை மாட்டிய பிறகு பெடலைப் பல முறை நன்றாக அழுத்தினால், இல்லை ஹேண்ட்பிரேக்கைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டால், இடைவெளி குறைந்துகொண்டே வரும். எதைச் செய்ய வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அட்ஜஸ்டர் இடது வலது மாறிப் போய்விட்டாலோ, ஸ்பிரிங் தப்பான துளையில் மாட்டியிருந்தாலோ அது வேலை செய்யாது. அப்படியானால் டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றினால் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ செய்யாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து விழுந்துவிடும். அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, ஏர்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆயில். எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4 என்று. இவை இரண்டும், டாட் 5.1-ம் ஒரே கிளைகோல் குடும்பம், ஒன்றோடொன்று கலந்தாலும் கெட்டுப்போகாது. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றுவது கீழே இறங்குவது, வேண்டாம். டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில், பெயர் ஒன்றுபோல் இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், உங்கள் வண்டிக்கு அது ஆகாது. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற மினரல் ஆயில் எதுவும் பிரேக் பக்கமே வரக் கூடாது. யாரோ பிரேக் டப்பாவில் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றிவிட்ட வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, திரும்ப மூடிக்குள் உட்காராமல் நெளிந்து நின்றது. மூடி ரப்பருக்கே அந்தக் கதி என்றால் மாஸ்டரிலிருந்து நான்கு வீல் வரைக்கும் சீல்களின் நிலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மாற்றித்தான் அந்த வண்டியை அனுப்பினோம்.

பழைய ஆயிலை ஏன் திரும்ப ஊற்றக் கூடாது என்பதற்குக் குமிழும் அழுக்கும் மட்டும் காரணம் இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் மிதித்து இறங்கினால் டிஸ்க்கும் அதைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரும் சூடேறி, உள்ளே ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரி சுருங்கும். மேலே ஏறும்போது நன்றாக இருந்த பெடல் இறக்கத்தின் நடுவில் தரையைத் தொடும். அதனால் இந்த வேலையை ஏர் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் நான்கு வீலிலும் பழைய ஆயில் முழுவதும் போகும் வரை எடுத்து, புதிது ஏற்றிவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினால் போதும், மிச்சம்கூட வரும். எப்போதோ திறந்து வீட்டில் வைத்திருக்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், அதுவும் ஈரம் உறிஞ்சியிருக்கும். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள். புதிய ஆயில் ஊற்றியிருந்தாலும் இது மாறாது.

மற்ற சாமான்கள்: ஒவ்வொரு வீலிலும் ஏர் வெளியேறத் திறக்கும் சிறிய திருகான நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 நம்பர், வாங்கும் முன் அளந்து பாருங்கள்), நிப்பிள் வாயில் இறுக்கமாக உட்காரும் கண்ணாடி மாதிரி தெளிவான டியூப் ஒரு முழம், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், கையுறை, கண்ணாடி, பழைய துணி, ஒரு பக்கெட் தண்ணீர். மீன் தொட்டிக்கு விற்கும் ஏர் டியூப் சரியாகவே பொருந்தும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்டால் துடைப்பதோடு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் கையோ தலையோ நீட்டாதீர்கள், செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஜாக்கி ஸ்டாண்டுக்கு மாற்று இல்லை. பின்னால் தூக்கும்போது முன் வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டுவிடுங்கள். முன்வீல் ஓடும் வண்டி என்பதால் கியர் பிடித்துக்கொள்ளும். போர்டிகோ தரை வாசல் பக்கம் சரிவாக இருந்தால் அங்கே இந்த வேலையே வேண்டாம், சமமான இடம் பாருங்கள்.

வேலையில் மிகவும் ஆபத்தான கட்டம் எது என்று கேட்டால், என் பதில் நிப்பிளைத் திறப்பதுதான். புதிதாக மாற்றிய சிலிண்டரில் பிரச்சினை இருக்காது. மற்ற மூன்று வீலில் பல வருடம் தொடாத நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்துவிடுங்கள். காலையில் சிறிய சுத்தியலால் நிப்பிளின் அடிப்பகுதியைச் சுற்றி லேசாகத் தட்டிவிட்டு, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் கொடுத்து, பிறகு லூஸ் பண்ணுங்கள். ஓப்பன் ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ வைக்காதீர்கள், முனை உருண்டுவிடும். சாதாரண கை பலத்துக்கு அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பைப் போட்டு நெம்பினால் நிப்பிள் உடைந்து பாதி உள்ளே நின்றுவிடும். பின்னால் என்றால் வீல் சிலிண்டர் செலவோடு போகும், முன்னால் என்றால் காலிப்பரே மாற்ற வேண்டி வரலாம். எல்லா நிப்பிளும் அசைகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. பாதி வேலையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

எந்த வீல் முதலில் என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான வீலில் தொடங்கி பக்கத்து வீலில் முடிப்பது பழைய வழக்கம். நம் ஊர் வண்டியில் மாஸ்டர் வலது பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். ஆனால் முன்வீல் ஓடும் சிறிய கார்களில் பிரேக் லைன் பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும், பின் இடதும் முன் வலதும் ஒரு ஜோடி, பின் வலதும் முன் இடதும் இன்னொரு ஜோடி. ஒரு லைன் போனாலும் மற்றது வண்டியை நிறுத்தட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்படிப் பிரிந்த வண்டியில் ஜோடி ஜோடியாக எடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது: பின் இடது, முன் வலது, பின் வலது, முன் இடது. சர்வீஸ் மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதையே கேளுங்கள், என் வரிசை வேண்டாம். நான்கு வீலிலும் புது ஆயில் குமிழில்லாமல் வரும் வரை எடுத்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் வரிசையால் முடிவு மாறி நான் பார்த்ததில்லை. இரண்டு முறைக்கும் உங்கள் வண்டியில் தொடக்கம் ஒன்றுதான், சிலிண்டர் மாற்றிய பின் இடது வீல்.

தொடங்குவதற்கு முன் எஞ்சினை அணைத்து, பூஸ்டரில் (எஞ்சின் வேக்குவத்தால் மிதிக்குப் பலம் சேர்க்கும் பாகம்) இருக்கும் வேக்குவம் போக நாலைந்து முறை பெடல் மிதித்துவிடுங்கள். டப்பா மூடியைச் சுற்றி அழுக்கைத் துடைத்துவிட்டுத் திறந்து, பழைய ஆயிலை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், அடியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள். புது ஆயிலை மேக்ஸ் கோடு வரை ஊற்றுங்கள். பெடலுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு மரக்கட்டை வையுங்கள். தினமும் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் படிந்திருக்கும் அழுக்கும் துருவும் சீலைக் கிழித்துவிடும். நல்லபடியாக இருந்த மாஸ்டர், ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் இது ஒரு முக்கியக் காரணம்.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கும்படி விடுங்கள். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி எழும்பி வளைந்து கீழே வரட்டும், குமிழ் மேலே ஏறும் குணம் உள்ளது. அப்பாவிடம் மூன்று சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: மிதி, பிடி, விடு. "மிதி" என்றால் மெதுவாக மூன்று நான்கு முறை பம்ப். "பிடி" என்றால் அழுத்திப் பிடித்து, "பிடிச்சிருக்கேன்" என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் டியூபில் பாயும், அப்பாவின் கால் கட்டை வரை இறங்கும். இறங்கட்டும், அவர் காலை எடுக்கக் கூடாது. நீங்கள் நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". இந்த வரிசை ஒருமுறை தவறினால், திறந்த நிப்பிள் வழியாகப் பெடல் காற்றை உள்ளே உறிஞ்சிவிடும், எடுத்த வேலை வீண். வேகமாகப் பம்ப் பண்ணச் சொல்லாதீர்கள். பெரிய குமிழ் உடைந்து நுரையாகிவிட்டால் அது வெளியே வர நேரம் பிடிக்கும்.

டியூபைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எல்லாம் அங்கே தெரியும். முதலில் கறுத்த ஆயில், நடுவில் நீளமான காற்றுத் துண்டுகள், பிறகு தனித்தனிக் குமிழ்கள், பிறகு நிறம் வெளுத்து, கடைசியில் பாட்டிலில் இருக்கும் புது ஆயிலின் அதே வெளிர் மஞ்சள். குமிழ் நின்ற பிறகும் நாலைந்து முறை எடுங்கள். ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: சிரிஞ்சாலோ வேக்குவம் பம்பாலோ உறிஞ்சி எடுத்தால், நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று கசிந்து பொடிப் பொடியாகக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். அது பிரேக் லைனுக்குள் இருந்து வருவதில்லை. பெடல் மிதித்து எடுக்கும் முறையில் இந்தக் குழப்பம் இல்லை, அதனாலேயே உங்களுக்கு இதைச் சொல்கிறேன். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அது மினிமம் கோட்டுக்குக் கீழே போய்க் காலியானால் மாஸ்டருக்குள்ளேயே காற்று போய்விடும், வேலை இரண்டு மடங்காகும். நிப்பிளை மணிக்கட்டு பலத்துக்கு இறுக்கினால் போதும், அது சிறிய மரை. ரப்பர் தொப்பியைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து அடுத்த முறை நிப்பிள் திறக்காது.

முன் வீலுக்குப் போகும்போது நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கோ காலிப்பர் ஓவர்ஹால் செய்தபோது இடதும் வலதும் மாற்றி மாட்டிய வண்டி எங்களிடம் வந்திருக்கிறது. நிப்பிள் கீழே போய்விட்டதால் காற்று மேலேயே தங்கிவிட்டது. முந்தைய இடத்தில் லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றியும் பெடல் வரவில்லை. இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டியதும் சில மிதிகளில் கெட்டியானது.

எல்லாம் முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். மரக்கட்டையை எடுத்துவிட்டு, எஞ்சின் அணைந்த நிலையில் பெடல் மிதியுங்கள். முதல் மிதியிலேயே உயரத்தில் கெட்டியாக நிற்க வேண்டும், இரண்டாவது மிதிக்கு இன்னும் மேலே வரக் கூடாது. ஒரு நிமிடம் பலமாகப் பிடித்திருங்கள், இறங்கக் கூடாது. பெடலைப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்வதால் பெடல் கொஞ்சம் கீழே போய் நிற்கும், அது சரியான அடையாளம். அங்கேயும் அரை நிமிடம் பிடித்துவிட்டு, இறங்கி நான்கு நிப்பிளையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், ஈரம் தெரியக் கூடாது. வீல் நட்டுகளைக் குறுக்காக இறுக்கி, காலியான தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள், ஒரு கை ஹேண்ட்பிரேக்கில் இருக்கட்டும். பிறகு 20, பிறகு 40. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். மறுநாள் காலை முதல் மிதி எப்படி இருக்கிறது, டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். அதன் பிறகு குறைந்தது ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு மலைக்குப் போங்கள். இதில் ஒன்றுகூடச் சந்தேகமாக இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் அதில் ஏபிஎஸ் இருக்கும். டப்பா காலியாகாமல், வெறும் ஆயில் மாற்றும் வேலை என்றால் மேலே சொன்ன முறையே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பெரும்பாலும் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் வால்வையும் பம்பையும் இயக்கித்தான் வெளியே எடுக்க முடியும், பெடல் மிதித்து வராது. பெடலுக்கும் வீலுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் புகுந்து அழுத்தம் கொடுக்கும் ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் வீட்டில் நிப்பிளைத் தொடவே வேண்டாம். எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள், எஞ்சின் ஆயிலோடும் கலக்காதீர்கள். தனி டப்பாவில் மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.

நான்கு வீலிலும் சுத்தமாக எடுத்து, ஹேண்ட்பிரேக் சோதனையிலும் டிரம் தேறி, அப்படியும் பெடல் கொடுத்தால், அப்பா மிதிக்கும்போது ஒவ்வொரு வீலின் ரப்பர் ஹோஸையும் கையால் பிடித்துப் பாருங்கள். பழைய ஹோஸ் அழுத்தத்தில் உப்புவது விரலுக்குத் தெரியும். அதுவும் இல்லையென்றால் மிச்சம் மாஸ்டர் சிலிண்டர். ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர் மாற்றும்போது லைனைத் திறந்தபடியே வெகுநேரம் விட்டிருந்தால் டப்பா வடிந்து மாஸ்டரில் காற்று தங்கியிருக்கலாம். அதை மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப் நட்டுகளைத் தளர்த்தி எடுக்க வேண்டும். பைப் நட்டுக்கென்று இருக்கும் ஸ்பேனர் இல்லாமல் அதைத் தொட்டால் நட் உருண்டு பைப் முறுக்கிக்கொள்ளும், ஆயிலும் பெயின்ட் மேல் வழியும். வண்டியை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் காரணம் சொல்வது ஊகமாகிவிடும், உங்கள் கையால் செய்யச் சொல்வதும் நியாயம் இல்லை. அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.